மெஷ் ரவுட்டருக்குப் புது ஃபர்ம்வேர்: ஏணி எடுக்காமல் பழையதுக்குத் திரும்ப எது நல்ல வழி?

வீட்டு ரவுட்டரில் ஃபர்ம்வேர் (பெட்டியை இயக்கும் மென்பொருள்) அப்டேட் சொதப்பினால் குடி ஒன்றும் முழுகிவிடாது. ரீசெட் ஓட்டைக்குள் குண்டூசியை விட்டு அழுத்தி, லேப்டாப்பைக் கேபிளில் மாட்டி, அரை மணி நேரத்தில் மீட்டுவிடலாம். மெஷ் நோடு, அதாவது கம்பியில்லாமல் ஒன்றோடொன்று கைகோத்து வலையாக நிற்கும் ரவுட்டர்களில் ஒன்று, வேறு ரகம். அது கம்பத்தின் உச்சியிலோ யாரோ ஒருவர் வீட்டு ஓட்டுக்கூரை மேலோ இருக்கும். அதற்குள் லாகின் செய்யப் போகும் ஒரே பாதை அந்த மெஷ்தான். அப்டேட் போட்டதும் மெஷ் அறுந்தால், அதைச் சரிசெய்யும் பாதையும் கூடவே அறுந்துவிடும். அந்த நோடைப் பிடித்துக்கொண்டு பின்னால் தொங்கும் நாலைந்து நோடுகளும் சேர்ந்து காணாமல் போகும்.

அதனால் புதுப் பதிப்பில் என்னென்ன வசதி வந்திருக்கிறது என்பதை நான் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் பார்ப்பது ஒன்றுதான்: இது வேலை செய்யவில்லை என்றால், யார் கையும் படாமல் பெட்டி தானாகப் பழைய நிலைக்குத் திரும்புமா?

கடையில் விற்கும் மெஷ் செட்டுகளை இங்கே சேர்க்கவில்லை. அவற்றில் எப்போது, எதை ஏற்றுவது என்பதைப் பெரும்பாலும் கம்பெனியே முடிவு செய்கிறது. நாம் தேர்ந்தெடுக்க அதிகம் இல்லை. நான் பேசுவது ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மூல ரவுட்டர் மென்பொருளை அடிப்படையாகக் கொண்டு மக்களே நடத்தும் மெஷ்கள் பற்றி: ஜெர்மனியின் ஃப்ரைஃபுங்க் என்ற சமூக வைஃபை குழுக்கள் பயன்படுத்தும் க்ளூவான் ஃபர்ம்வேர், அர்ஜென்டினாவின் கொர்டோபா மாகாணத்தில் ஆல்டர்முந்தி அமைப்பு வளர்த்த லிப்ரேரவுட்டர் பெட்டி, அதில் ஓடும் லிப்ரேமெஷ் மென்பொருள் போன்றவை.

அப்டேட்டே போடாமல் விட்டுவிட்டால் என்ன என்று கேட்கலாம். 2017 அக்டோபரில் வெளிவந்த கிராக், 2021 மே மாதம் வந்த ஃப்ராக்அட்டாக்ஸ் இரண்டுமே வைஃபையின் அடிமடியிலேயே கைவைத்த ஓட்டைகள். போடாமல் தப்பிக்க முடியாது. எப்படிப் போடுவது என்பதில்தான் தேர்வு இருக்கிறது.

ஒரே பார்ட்டிஷன், கையில் ஏணி

பெரும்பாலான மலிவு ரவுட்டர்களின் நிலை இதுதான். ஃபிளாஷில் (பெட்டியின் நிரந்தரச் சேமிப்பில்) ஒரே ஒரு ஃபர்ம்வேருக்கு இடம், அதாவது ஒரே பார்ட்டிஷன். எழுத முடியாத ஸ்குவாஷ்எஃப்எஸ் கோப்பு அமைப்பு அடியில், நம் செட்டிங்குகள் அதன்மேல் ஓவர்லே என்ற தனி அடுக்காக. சிஸ்அப்கிரேட் கமாண்டைக் கொடுத்தால் ஓடிக்கொண்டிருக்கும் ஃபர்ம்வேர் இருக்கும் இடத்திலேயே புதியதை எழுதிவிடும். பழையது போயே போச்சு.

சிஸ்அப்கிரேடில் சோதனைக்கென்று ஒரு டி ஆப்ஷன் இருக்கிறது. பலர் அதைப் பெரிதாக நம்புகிறார்கள். இந்த இமேஜ் (ஏற்றப்போகும் ஃபர்ம்வேர் கோப்பு) இந்த மாடலுக்கு உரியதா, கோப்பு உடையாமல் வந்திருக்கிறதா என்பதை மட்டும் அது சொல்லும். ஏற்றிய பிறகு ஓடுமா என்று அதற்குத் தெரியாது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அடுத்து, ஃபர்ம்வேரைத் தொடங்கிவைக்கும் பூட்லோடரைத்தான் கெஞ்ச வேண்டும். டிபி-லிங்க் ஆர்ச்சர் சி7 இரண்டாம் பதிப்பு 192.168.0.66 என்ற முகவரியில், இமேஜை அனுப்பும் ஒரு டிஎஃப்டிபி சர்வரைத் தேடும். ஜிஎல்.ஐநெட் பெட்டிகளில் ரீசெட்டைப் பிடித்தபடி பவர் கொடுத்தால் 192.168.1.1இல் ஒரு குட்டி வலைப்பக்கம் திறக்கும். இரண்டும் அருமையான வசதிகள், பெட்டி மேசைமேல் இருக்கும்வரை. ஃபெயில்சேஃப் என்ற மீட்பு மோடும் அப்படித்தான். எல்இடி சிமிட்டும்போது பட்டனை அழுத்த ஒரு விரல் வேண்டும்.

இன்னொரு பள்ளம், திரும்பி வரும் பாதையில். ஓப்பன்டபிள்யூஆர்டி 21.02இல் பல மாடல்கள் லேன் போர்ட்டுகளைக் கையாளும் பழைய ஸ்விட்ச் முறையிலிருந்து டிஎஸ்ஏ என்ற புது முறைக்கு மாறின. இரண்டின் நெட்வொர்க் செட்டிங்குகளும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. மேலே ஏறும்போது சிஸ்அப்கிரேடே தடுத்து, செட்டிங்கை விட்டுவிட்டு ஏறச் சொல்லும். கீழே இறங்கும்போது அப்படி ஓர் அக்கறையை எதிர்பார்க்காதீர்கள். புதுச் செட்டிங்குகளை வைத்துக்கொண்டு பழைய பதிப்பைப் போட்டால், பெட்டி நன்றாக பூட் ஆகும், லேன் போர்ட்டுகள் மட்டும் அந்தரத்தில் நிற்கும். ரோல்பேக் (பழையதுக்குத் திரும்புவது) என்றால் ஃபர்ம்வேரும் அதற்குரிய செட்டிங்கும் ஜோடியாகத் திரும்ப வேண்டும். ஒற்றைப் பார்ட்டிஷனில் அந்த ஜோடியைக் காப்பாற்றுவது உங்கள் பேக்கப் கோப்பும் ஞாபகசக்தியும்தான்.

இரண்டு பார்ட்டிஷன், எண்ணிக்கொண்டே இருக்கும் பூட்லோடர்

லிங்க்ஸிஸ் டபிள்யூஆர்டி1900ஏசி, டபிள்யூஆர்டி3200ஏசிஎம் வரிசையில் ஃபர்ம்வேருக்கு இரண்டு இடங்கள். ஒன்றிலிருந்து ஓடும்போது புதுசு மற்றதில் எழுதப்படும். எழுதும்போது கரண்ட் போனாலும் ஓடிக்கொண்டிருந்தது அப்படியே இருக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே இவை ஒற்றைப் பார்ட்டிஷன் பெட்டிகளைவிட எங்கேயோ மேல்.

திரும்புவது எப்படி? பூட்லோடர் எண்ணுகிறது. தொடர்ந்து மூன்று முறை பூட் முடியாமல் போனால் மற்றப் பார்ட்டிஷனுக்கு மாறிவிடும். யூ-பூட் என்ற பூட்லோடரில் இதற்கென்றே பூட்கவுண்ட், பூட்லிமிட், ஆல்ட்பூட்சிஎம்டி என்று மாறிகள் உண்டு. கெர்னல் பேனிக் (மென்பொருளின் மையமே நொறுங்குவது) ஆனால் ஓப்பன்டபிள்யூஆர்டி மூன்று வினாடியில் தானாக ரீபூட் ஆகும்படி அமைந்திருப்பதால், எண்ணிக்கை ஏற மனிதர் தேவையில்லை.

ஆனால் அந்த எண்ணிக்கை எப்போது பூஜ்ஜியமாகிறது என்று பாருங்கள். வழக்கமாக பூட் ஸ்கிரிப்டுகளின் கடைசியில். அந்த நேரத்தில் ரேடியோ எழுந்திருக்காமல் இருக்கலாம், மெஷ் ஐடி (மெஷ்ஷின் பெயர்) தப்பாக இருக்கலாம், பக்கத்து நோடு ஒன்றுகூடத் தெரியாமல் இருக்கலாம். பூட்லோடரைப் பொறுத்தவரை எல்லாம் சுபம். உள்ளே உயிரோடு இருக்கிறது, வெளியே யாருக்கும் தெரியவில்லை. மெஷ்ஷில் நான் பார்த்த சொதப்பல்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். பூட்டே ஆகாதது அபூர்வம்.

இதன் மறுபக்கமும் உண்டு. கரண்ட் வந்து வந்து போகும் மாலையில், பூட் முடிவதற்குள் மூன்று முறை துண்டித்தால் நல்ல ஃபர்ம்வேரை விட்டுவிட்டு ஒரு வருடத்துக்கு முந்தையதில் போய் உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் எதையும் செய்யவில்லை, ஆனால் பதிப்பு எண் இறங்கியிருக்கும். சோலார் பேட்டரி காலியாகிக் காலையில் தடுமாறி எழும் நோடுகளுக்கு இது சர்வசாதாரணமாக நடக்கக்கூடியது. இந்த வகைப் பெட்டி வைத்திருப்பவர்கள் அப்டேட் நன்றாக இருக்கிறது என்று தெரிந்ததும் இரண்டு பார்ட்டிஷனிலும் அதையே எழுதிவிடுவது நல்லது.

இரண்டு பார்ட்டிஷன், கெடு வைத்த உறுதிமொழி

லிப்ரேரவுட்டரின் சேஃப்-அப்கிரேட் செய்வது ஒரு படி மேல். 16 எம்பி ஃபிளாஷை ஏறத்தாழ இரண்டு பாதியாகப் பிரித்திருக்கிறார்கள். புது இமேஜ் மறுபாதியில் எழுதப்படுகிறது. அடுத்த பூட்டில் பூட்லோடர் புதியதை ஒரே ஒரு முறை மட்டும் முயன்று பார்க்கிறது. முயல்வதற்கு முன்பே, இதற்கு அடுத்த பூட் பழையதிலிருந்துதான் என்று தன் நினைவில் எழுதிவைத்துவிடுகிறது. ஆக, புதியது நடுவழியில் உறைந்தால், அடுத்த பவர்கட்டோ, உறைந்த பெட்டியை ரீபூட் செய்யும் வாட்ச்டாகோ பழையதைக் கொண்டுவந்துவிடும். எண்ணிக்கை, கிண்ணிக்கை எதுவும் வேண்டாம்.

புதியது எழுந்ததும் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். கெடுவுக்குள் யாராவது உள்ளே வந்து ‘கன்ஃபர்ம்’ என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பெட்டி தானே ரீபூட் ஆகிப் பழையதுக்குப் போய்விடும். மெஷ் அறுந்திருந்தால் உங்களால் உள்ளே வர முடியாது. வர முடியாததே புகார் மனு. ஒரு ஸ்கிரிப்டை எழுதி, பிங் போகிறதா, பக்கத்து நோடு தெரிகிறதா என்று சோதித்து அதுவே கன்ஃபர்ம் செய்யட்டும் என்று சிலர் வைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் அரை மனசுதான். ஸ்கிரிப்ட் உள்ளிருந்து வெளியே பார்க்கிறது. நமக்கு வேண்டியது வெளியிலிருந்து உள்ளே வர முடிகிறதா என்பது. அதுவும் பக்கத்திலேயே நின்று போனில் இணைத்து கன்ஃபர்ம் அடிப்பது ஏமாற்று வேலை. குறைந்தது இரண்டு ஹாப் (நோடிலிருந்து நோடுக்கு ஒரு தாவல்) தள்ளி உட்கார்ந்து, மெஷ் வழியாகவே லாகின் செய்து சொல்ல வேண்டும். அந்த லாகினே சோதனை.

ஒவ்வொரு பாதிக்கும் தனித்தனி ஓவர்லே இருப்பதால், நான் மேலே சொன்ன ஜோடிப் பிரச்சினையும் தீர்கிறது. பழையதுக்குத் திரும்பினால் பழைய செட்டிங்கோடு திரும்பும்.

கெடு எவ்வளவு வைப்பது? நான் இதில் ஒருமுறை நன்றாக ஏமாந்தேன். மேசையில் கெடுவைப் பத்து நிமிடமாக வைத்து ஒரு நல்ல இமேஜை ஏற்றினேன். மெஷ் எழவில்லை. பெட்டி சமர்த்தாகப் பழையதுக்குத் திரும்பியது. மறுபடி ஏற்றினேன், மறுபடி அதே. டிரைவரைச் சந்தேகித்து ஒரு மாலை முழுக்க வீணானது. கடைசியில் பார்த்தால், ஐரோப்பிய ஒழுங்குமுறைப்படி அமைத்த அந்தச் செட்டிங்கில் 5 கிகாஹெர்ட்ஸ் மெஷ் 124ஆம் சேனலில் இருந்தது. அது வானிலை ரேடார்கள் இருக்கும் 5600 முதல் 5650 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்குள் வருகிறது. ரேடார் இருக்கிறதா என்று அங்கே பத்து நிமிடம் வாயைத் திறக்காமல் கேட்ட பிறகுதான் ரேடியோ பேச அனுமதி. ரேடாரைக் கவனிக்க வேண்டிய மற்ற (டிஎஃப்எஸ்) சேனல்களில் ஒரு நிமிடம் போதும். அதாவது மெஷ் எழுவதற்கும் கெடு முடிவதற்கும் நான் ஒரே நேரத்தைக் கொடுத்திருந்தேன். ஃபர்ம்வேர்மேல் ஒரு குற்றமும் இல்லை.

விலை என்ன என்றால், இடம். ஒவ்வொரு பாதிக்கும் சுமார் 8 எம்பிதான் கிடைக்கும். அதற்குள் கெர்னல், மெஷ்ஷில் வழி கண்டுபிடிக்கும் பேட்மேன், பேபல், வலை இடைமுகம் எல்லாம் அடங்க வேண்டும். மொத்தமே 8 எம்பி ஃபிளாஷ் உள்ள பழைய பெட்டிகளில் இதை நினைத்துப் பார்க்கவே முடியாது. பூட்லோடரும் ஒத்துழைக்க வேண்டும். இல்லாத வசதியைக் கொண்டுவர, மாடியில் இருக்கும் பெட்டியின் பூட்லோடரைத் தொலைவிலிருந்து மாற்றலாமே என்று யாராவது யோசனை சொன்னால் கும்பிடு போட்டுவிடுங்கள். அது கெட்டுப்போனால் அதை மீட்க அடியில் வேறு எதுவும் இல்லை.

திரும்பவே வராத, ஆனால் மெல்லப் போகும் க்ளூவான்

ஃப்ரைஃபுங்க் குழுக்களிடம் எல்லா ரகப் பழைய பெட்டிகளும் உண்டு. இரட்டைப் பார்ட்டிஷனை எல்லோரிடமும் எதிர்பார்க்க முடியாது. க்ளூவானின் ஆட்டோஅப்டேட்டர் வேறு வழியில் போகிறது: திரும்பும் வசதியே கிடையாது, ஆனால் ஒரே ராத்திரியில் எல்லாம் சாகாமல் பார்த்துக்கொள்கிறது.

மேனிஃபெஸ்ட் என்ற ஒரு கோப்பில் புதுப் பதிப்பின் விவரம், தேதி, ப்ரையாரிட்டி என்று ஓர் எண் இருக்கும். அந்த எண் நாட்களைக் குறிக்கிறது. அத்தனை நாட்களுக்குள் ஒவ்வொரு நோடும் அப்டேட் செய்துகொள்ளும் வாய்ப்பு கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். முதல் நாள் சில நோடுகள், பிறகு இன்னும் சில. முதல் சில நோடுகள் காணாமல் போனால் மேனிஃபெஸ்டை இழுத்துக்கொள்ள அவகாசம் இருக்கிறது. இதோடு கிளைகள்: எக்ஸ்பெரிமென்டல், பீட்டா, ஸ்டேபிள் என்று பெயரிட்டு, தைரியசாலிகளின் நோடுகளை முன்னால் அனுப்புவது வழக்கம். சின்ன ரேமில் இமேஜை இறக்க இடம் போதாமல் போகலாம் என்பதால், இறக்குவதற்கு முன் வேறு சர்வீஸ்களை நிறுத்தும் ஏற்பாடும் உண்டு. நிறைய அடிபட்டவர்கள் எழுதியது என்று பார்த்தவுடன் தெரியும்.

டிஜிட்டல் கையெழுத்து விஷயத்தில் க்ளூவான்தான் என் மதிப்பீட்டில் முதல். மேனிஃபெஸ்டில் இத்தனை பேருடைய சாவிக் கையெழுத்து இருந்தால்தான் நோடு ஏற்றுக்கொள்ளும் என்று குழுவே எண்ணிக்கையை நிர்ணயிக்கலாம். பில்ட் சர்வர் ஒன்றை மட்டும் பிடித்தால் போதாது, மனிதர்களையும் பிடிக்க வேண்டும். இது வீண் பயமல்ல. 2024 டிசம்பரில் ஓப்பன்டபிள்யூஆர்டியில் கேட்பவருக்கு இமேஜ் கட்டித் தரும் அட்டெண்டட் சிஸ்அப்கிரேட் சர்வரில் ஒரு ஓட்டை வெளியே வந்தது. கமாண்டைப் புகுத்த ஒரு வழி. அதோடு, ஒரு கோரிக்கையை அடையாளம் காண ஷா-256 ஹேஷின் (கைரேகை போன்ற குறியின்) முதல் 12 எழுத்துகளை மட்டும் பார்த்தார்கள். இரண்டையும் சேர்த்தால், நீங்கள் கேட்ட இமேஜுக்குப் பதில் வேறொருவர் செய்த இமேஜை உங்களிடம் தள்ள வழி இருந்தது. சீக்கிரம் சரிசெய்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம். சேஃப்-அப்கிரேடின் கெடு இதில் எதையும் பிடிக்காது. திருட்டு இமேஜும் நன்றாகத்தான் மெஷ் பேசும், நீங்களே கன்ஃபர்ம் அடிப்பீர்கள்.

பக்கத்து நோடு ஒத்துக்கொள்ளுமா?

தனித்தனிப் பெட்டியாகப் பார்த்தால் எல்லாம் சரி, சேர்த்துப் பார்த்தால் மெஷ் இல்லை என்ற நிலையும் வரும். பேட்மேன்-அட்வ் (மேலே சொன்ன பேட்மேன்தான்) 2014ஆம் ஆண்டு தன் நெறிமுறை எண்ணை 14இலிருந்து 15க்கு மாற்றியது. 14 பேசும் நோடும் 15 பேசும் நோடும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது. இந்த மாதிரி அப்டேட்டில் க்ளூவானின் மெல்லப் போகும் முறையே எதிரி. முதலில் மாறிய நோடு தனித்தீவாகும். கெடு வைத்த முறையும் சிக்கல்தான்: மாறியது நல்லது, ஆனால் பேச ஆளில்லாததால் பழையதுக்குத் திரும்பிவிடும், ராத்திரி முழுக்க ஒவ்வொன்றாக மாறி மாறித் திரும்பிக்கொண்டிருக்கும்.

சாதாரண அப்டேட் என்றால் ஓரத்திலிருந்து உள்நோக்கி வாருங்கள். கடைக்கோடி நோடு முதலில், இணையத்தோடு சேர்க்கும் கேட்வே கடைசியில். பொருந்தாத மாற்றம் என்றால் எல்லா நோடுக்கும் இமேஜை முன்கூட்டியே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, ஒரே நேரத்தில் தாண்ட வேண்டும். க்ளூவானில் இதற்குக் குறித்த நேரத்தில் டொமைன் (மெஷ் செட்டிங்குகளின் தொகுப்பு) மாற்றும் பேக்கேஜ் இருக்கிறது. இத்தனை நிமிடம் வெளி இணைப்பு இல்லாமல் தவித்தால் நேரம் வராவிட்டாலும் மாறிக்கொள் என்ற விதியும் அதில் உண்டு. தாமதமாகக் கண்விழித்த நோடு ஊர் காலியானதைப் பார்த்துத் தானும் கிளம்பிவிடும்.

கடிகாரத்தில் மட்டும் கவனம். இந்தப் பெட்டிகள் பெரும்பாலானவற்றில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. பூட் ஆனதும் ஓப்பன்டபிள்யூஆர்டி தன் இடிசி (/etc) செட்டிங் கோப்புகளில் கடைசியாக மாறியது எப்போது என்று பார்த்து அதையே இன்றைய தேதி என்று வைத்துக்கொள்ளும், இணையம் கிடைத்துத் திருத்தும்வரை. இணையம் இல்லாத மெஷ்ஷில் ‘அதிகாலை நாலு மணி’ என்பதைவிட ‘இன்னும் 300 வினாடியில்’ என்பது நம்பகமானது.

எங்கே வைத்துச் சோதிப்பது?

க்யூஇஎம்யூ என்ற மெய்நிகர் மெஷின்களில் லிப்ரேமெஷை ஓடவிட்டு, மெய்நிகர் ரேடியோ டிரைவரோடு ஒரு சின்ன மெஷ்ஷையே கணினிக்குள் கட்டலாம். செட்டிங் மாற்ற ஸ்கிரிப்டுகளுக்கு அது போதும், காசும் செலவில்லை. பூட்லோடர், ஃபிளாஷ் எழுதுவது, உண்மையான வைஃபை சிப் ஆகிய மூன்றும் அங்கே இல்லை. ரோல்பேக் நடக்கும் இடம் முதல் இரண்டும்தான். ஆகவே ரோல்பேக்குக்கு அது உதவாது.

மேசை வேண்டும். நான் வைத்திருப்பது நாலு பெட்டி, ஆளுக்கொரு ரிலே போட்ட பவர் சாக்கெட், பூட் செய்திகளைப் பார்க்க ஆளுக்கொரு 3.3 வோல்ட் சீரியல் ஒயர், 115200 பாட் வேகத்தில். சீரியலில் மூன்று ஒயர் மட்டும். நாலாவதான பவர் பின்னைத் தொடவே வேண்டாம். பெங்குட்ரோனிக்ஸ் உருவாக்கிய லேப்கிரிட் என்ற கருவி இதையெல்லாம் பைத்தானிலிருந்து இயக்கவைக்கும்: பவரை வெட்டு, சீரியலில் இந்த வரி வரும்வரை காத்திரு, வராவிட்டால் தோல்வி என்று எழுது. ஓப்பன்டபிள்யூஆர்டிக்கான சோதனைகளையும் அதில் எழுதுகிறார்கள். பெட்டி இரண்டுதான் என்றால் கையாலேயே செய்யலாம், லேப்கிரிட் அமைக்கும் நேரத்தில் பத்து முறை சோதித்துவிடலாம்.

மேசையின் பொய் ஒன்று உண்டு. நாலு பெட்டியும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் எல்லாம் எல்லாவற்றையும் நேரடியாகக் கேட்கும். மூன்று ஹாப் மெஷ் என்று நினைத்துக்கொண்டு ஒரே ஹாப்பைச் சோதித்துக்கொண்டிருப்போம். ரேடியோ பவரை அடிமட்டத்துக்கு இறக்கி, அதுவும் போதாவிட்டால் ஒன்றுவிட்ட நோடின் மேக் முகவரியைத் தடுத்து, சங்கிலியாக்க வேண்டும்.

அந்தச் சங்கிலியில் வேண்டுமென்றே கெடுத்துப் பார்க்க வேண்டும். எழுதும்போது பவரை வெட்டுவது எல்லோரும் செய்வது. நான் அதிகம் நம்புவது, நன்றாக பூட் ஆகி மெஷ் ஐடி மட்டும் தப்பாக உள்ள ஓர் இமேஜ். பூட் எண்ணும் பெட்டி இதில் தோற்கும், கெடு வைத்த பெட்டி தேறும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கெடு முடிந்ததும் கண்முன் தெரிந்துவிடும். அப்புறம், கன்ஃபர்ம் அடித்து இரண்டு நாள் கழித்து மெமரி கசிந்து தள்ளாடும் இமேஜ். அதை எந்தத் தானியங்கியும் காப்பாற்றாது. பழைய பார்ட்டிஷனைக் கையால் தேர்ந்தெடுக்கும் கமாண்ட் அப்போது ஞாபகத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

நான் எதை எடுப்பேன்?

புதிதாகப் பெட்டி வாங்கி, ஏற முடியாத இடங்களில் வைக்கப் போகிறீர்கள் என்றால், இரண்டு பார்ட்டிஷனும் கெடுவும் உள்ளதை எடுங்கள். வேகம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. இரண்டு பார்ட்டிஷன் இருந்து பூட் எண்ணிக்கை மட்டும்தான் என்றால், கெடுவை நீங்களே மேலே கட்டலாம்: புதியதில் ஏறியதும் ஒரு டைமர், கன்ஃபர்ம் கோப்பு இல்லாவிட்டால் பழைய பார்ட்டிஷனைத் தேர்ந்து ரீபூட் செய்யும் பத்து வரி ஸ்கிரிப்ட். டைமர் புது இமேஜுக்குள்ளேயே இருக்க வேண்டியிருப்பதால் லிப்ரேரவுட்டர் அளவுக்கு உறுதியில்லை, ஆனால் ஒன்றுமில்லாததைவிட எவ்வளவோ மேல்.

வீடு வீடாக ஏற்கெனவே ஐம்பது கலவைப் பெட்டிகள் இருக்கின்றன, பெட்டி இருக்கும் வீட்டில் எப்போதும் ஒரு ஆள் இருப்பார் என்றால் க்ளூவான் வழி போதும். ப்ரையாரிட்டியை ஒரு வாரத்துக்குக் குறையாமல் வைத்து, குறைந்தது இரண்டு பேரிடம் கையெழுத்துச் சாவியைக் கொடுங்கள். ஒற்றைப் பார்ட்டிஷன் பெட்டி கம்பத்தின்மேல் இருக்கிறதா? அதைப் பாதுகாப்பு ஓட்டை அடைக்க மட்டும், பகல் வெளிச்சத்தில், ஏணி கையில் இருக்கும் நாளில் அப்டேட் செய்யுங்கள்.

எதை எடுத்தாலும் மாடிக்குப் போகும் முன் மேசையில் ஒரு சோதனை பாக்கி: நல்ல இமேஜை ஏற்றி, கன்ஃபர்ம் அடிக்காமல் சும்மா இருப்பது. என் மேசையில் அந்தச் சோதனைக்குச் சேனல் பிரச்சினைக்குப் பிறகு 30 நிமிடக் கெடு வைத்திருக்கிறேன். சீரியல் திரையில் பழைய பதிப்பு எண் மறுபடி ஓடும்வரை ஒயரைக் கழற்றுவதில்லை.